சண்முகக்கனியின் பின்னால் வந்த கார்

ஆவாரங்காட்டில் அந்தக் காலத்தில் யார் வீட்டில் இட்லி அவிந்தாலும் அது சண்முகக்கனியின் பைக்கில் ஏறி வந்த மாவாகத்தான் இருக்கும். அரைப்பது அவள் புருஷன் வேல்ச்சாமி. கொண்டுபோய் ஊற்றுவது அவள். வேல்ச்சாமிக்கு பைக்கில் உட்கார்ந்தால் தலை சுற்றும், பஸ்ஸில் ஏறினால் குமட்டும், நடந்து போகலாமே என்றால் முட்டி வலிக்கும், ஆகையால் கிரைண்டர் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு ஆள் அசையாமல் உட்கார்ந்துவிட்டான். கல்யாணத்துக்கு அவள் அப்பா மாப்பிள்ளைக்கென்று வாங்கிக் கொடுத்த பைக் சும்மா நின்று துருப்பிடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பின்சீட்டில் இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டு, அவளே ஓட்டக் கிளம்பினாள். முதலில் சிரித்த ஊர், நாலு நாள் நல்ல இட்லி தின்றதும் வாயை மூடிக்கொண்டது.

அந்த ஊரில் கடைத்தெருவும் பள்ளிக்கூடத் தெருவும் சேருகிற இடத்தில் முப்பிடாதி அம்மன் கோயில், கோயிலுக்கு நேர் எதிரே ஒரு வேகத்தடை. அந்த இடத்தைக் கும்பிடாமல் ஒருத்தரும் தாண்ட மாட்டார்கள். பஸ் டிரைவர் ஹாரனில் ஒரு கையை வைத்தபடி இன்னொரு கையை நெஞ்சில் வைப்பார், சைக்கிள்காரன் மணியடித்துக் கும்பிடுவான், லாரிக்காரன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கி உதட்டில் ஒற்றிக்கொள்வான், சண்முகக்கனி பிரேக் போட்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அம்மன் முகத்தை நன்றாகப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவாள். மரக்கடை தனுஷ்கோடி அண்ணாச்சியோ அந்தக் கோயிலுக்கே தர்மகர்த்தா. அவர் மற்றவர்களைப் போலக் கும்பிட முடியுமா? இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கண்ணை இறுக மூடி, "தாயே" என்று வாய்விட்டுச் சொல்வார், அதுவரைக்கும் காரை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

பங்குனி மாதம் ஒரு காலையில் அம்மன் வேறு வேலையாக இருந்துவிட்டாள் போல.

டமார் என்று ஒரு சத்தம். சண்முகக்கனி ஒரு பக்கம், பைக் ஒரு பக்கம், ஒற்றைச் செருப்பு கோயில் வாசலில். இரண்டு வாளியும் மேலே போய், ஊர் முழுக்க அவிய வேண்டிய மாவு அண்ணாச்சியின் கரும்பச்சைக் காரின் மூஞ்சியில் கொட்டியது, லைட்டில் வழிந்தது, கண்ணாடியை மூடியது. அண்ணாச்சி கண்ணைத் திறந்து பார்த்தார், உலகமே வெள்ளையாக இருந்தது, வைப்பரைப் போட்டார். பிறகு இறங்கி வந்து முதலில் காரின் முன்பக்கத்தைத் தடவினார். அவர் மட்டுமா? ஓடி வந்த கூட்டத்தில் பாதிப் பேர் காரைத்தான் தடவினார்கள். சண்முகக்கனி முழங்கையில் ரத்தத்தோடு தானே எழுந்தாள்.

"ஏம்மா, நடுரோட்டுல எதுக்குப் பிரேக் போட்ட?" என்றார் அண்ணாச்சி.

"சாமி கும்பிட அண்ணாச்சி."

"நானும் சாமிதான கும்பிட்டேன்?"

கூட்டம் கணக்குப் போட்டுப் பார்த்தது. இரண்டு பேரும் கும்பிட்டது ஒரே சாமி, கும்பிட்டது ஒரே நேரத்தில், இதில் யார் மேல் தப்பென்று சொன்னாலும் அம்மனுக்குக் கேட்டுவிடுமே என்று பயந்து, "சரி, ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கங்க" என்று நழுவப் பார்த்தார்கள். அண்ணாச்சி சட்டைப்பையில் கையை விட்டார்.

"அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் சண்முகக்கனி. "நான்தான் பாக்காம வந்துட்டேன், உன் மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அது போதும்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. "அம்மனைக் கும்பிட்டது தப்புன்னு தர்மகர்த்தா வாயாலயே சொல்லச் சொல்லுதியா? நல்லாருக்கே கதை!"

அவள் கோயில் வாசலில் கிடந்த செருப்பைப் போட்டாள். நெளிந்த வாளிகளை மாட்டினாள். மட்கார்டு வளைந்து, பின் லைட்டு உடைந்து தொங்க, பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனாள். அவள் போனதும் கார் தானாக உறுமியது. அண்ணாச்சி வெளியே நிற்கிறார், சாவி அவர் கையில் இருக்கிறது, கார் மட்டும் மாவு சொட்டச் சொட்ட அவள் பின்னாலேயே போனது, பள்ளிக்கூடத் தெரு முக்கில் அவள் திரும்பியபோது அதுவும் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியது.

ஆவாரங்காடு இதைக் கண்டு ஆச்சரியப்பட்டுப் போனது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊருக்கு அவ்வளவு நேரம் கிடையாது. "அது வாயில மாவு பட்டுருச்சுல்லா, ருசி கண்டுட்டு" என்றார்கள் பெண்கள். கன்றுக்குட்டி கூடப் பால் கொடுத்தவள் பின்னால்தானே போகும் என்றார்கள். மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்து, "இஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல, மனசுலதான்" என்று மூடினான். பூசாரி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், கார் அதன் மேல் ஏறி நசுக்கிவிட்டு அவள் பின்னால் போனது. போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். "திருட்டுன்னு எழுதலாம்னா அந்தப் பொம்பளை திருடல. காணாமப் போச்சுன்னு எழுதலாம்னா அவ வீட்டு வாசல்லதான் நிக்குது. நான் என்னன்னுவே எழுதட்டும்?" என்று அண்ணாச்சியிடமே கேட்டார்.

அண்ணாச்சி மரக்கடை லாரி டிரைவரை அனுப்பிக் காரை மரக்கடைக்குக் கொண்டுவந்து கட்டிப் போட்டார். மாட்டுச் சங்கிலியால் கட்டினார், லாரிக் கயிற்றால் கட்டினார், தேக்குக் கட்டையை முன்னால் அடுக்கினார். விடிந்ததும் நாலு தெரு தள்ளி சண்முகக்கனி பைக்கை உதைக்கிற சத்தம் கேட்டதோ இல்லையோ, சங்கிலி தெறிக்கும், கட்டை உருளும், கார் கேட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கொஞ்ச நாளில் கேட்டைத் தினமும் சரிபண்ண அலுத்துப்போய் டிரைவரே இரவில் அதைத் திறந்து வைக்க ஆரம்பித்தான். பிறகு கார் மரக்கடைக்கு வருவதையே விட்டுவிட்டது.

சண்முகக்கனியின் சந்து குறுகல். கார் வந்து நின்றால் எதிர்வீட்டுக் கதவு பாதிதான் திறக்கும். இரண்டு நாள் முனகிய சனம், மூன்றாம் நாள் அதன் மேல் வத்தல் காயப்போட்டது, கதவில் ஈரத்துண்டைத் தொங்கவிட்டது, உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறதென்று பிள்ளைகளைப் படிக்க அனுப்பியது. அவள் மாவு ஊற்றப் போகிற வழி ஊருக்கே மனப்பாடம் என்பதால், ரேஷனுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் அங்கங்கே காத்திருந்து ஏறிக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவள் மாவு ஊற்றுகிறவரைக்கும் கார் நிற்கும், இவர்களும் உள்ளேயிருந்தே அந்த வீட்டுக்காரர்களிடம் நல்லது கெட்டது பேசிக்கொள்வார்கள். மாவுக்கார் என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. எல்லாவற்றிலும் அதிசயம் வேல்ச்சாமிதான். அதில் உட்கார்ந்தால் அவனுக்குத் தலையும் சுற்றவில்லை, குமட்டவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காதவன், பொண்டாட்டியை பைக்கில் முன்னால் போகச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு போய் விருந்து சாப்பிட்டு வந்தான்.

கார் நல்ல கார், அதைச் சொல்ல வேண்டும். அவளை ஒட்டி வராது, ஒரு மாட்டு வண்டி நீளம் விட்டுத்தான் வரும். அவள் திரும்பி முறைத்தால் லைட்டைத் தாழ்த்திக்கொள்ளும். மழை இருட்டில் அவள் போனால், பின்னாலிருந்து லைட்டைப் போட்டு அவளுக்கு வழி காட்டும். ஆரம்பத்தில் "போ அங்கிட்டு, சனியனே" என்று கல்லை எடுத்தவள், சித்திரை முடிவதற்குள் அதோடு பேச ஆரம்பித்துவிட்டாள். "உனக்கு இருக்கிற புத்தி உன்னை வச்சிருக்கவருக்கு இல்லையே" என்பாள். கார் வைப்பரை ஒரு தடவை ஆட்டும்.

ஆனால் அவளுக்கு ஆறவில்லை. முழங்கைப் புண் ஆறிவிட்டது, உள்ளே இருந்தது ஆறவில்லை. அன்றைக்கு ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தவளை வேல்ச்சாமி என்ன கேட்டான் தெரியுமா? "நீ எதுக்குட்டி பிரேக் போட்ட?" என்றுதான் கேட்டான். சின்ன வயதில் மாடு முட்டித் தள்ளியபோது அம்மா "நீ ஏன் அங்க போன?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். தீப்பெட்டிக் கம்பெனியில் மேஸ்திரி கையைப் பிடித்தபோது கூட வேலை பார்த்தவர்கள் "நீ ஏன் அவன்கிட்ட சிரிச்ச?" என்றார்கள். யார் வந்து எதில் இடித்தாலும் கேள்வி மட்டும் அவளிடம்தான் வந்தது. உன் மேல் தப்பில்லை என்று ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, தன் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதை நினைத்து அவள் மாவு வாளியைக் கழுவிக்கொண்டே அழுதிருக்கிறாள்.

ஆவணி பிறந்தது, அண்ணாச்சிக்கு நெருக்கடியும் பிறந்தது. ஒரே மகள் அனுசுயாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா சிவசுப்பு கடற்கரைப் பக்கத்துப் பெரிய கை, கோபக்காரர். நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது அந்தக் கரும்பச்சைக் காரைப் பார்த்து, "என் மகனை மாப்பிள்ளை அழைப்புக்கு இதுலதான் கூட்டிட்டு வரணும், வேற வண்டி கூடாது" என்று சொல்லிப் போயிருந்தார். அது பங்குனிக்கு முன்னால். இப்போது அவரிடம் போய், கார் மாவுக்காரி பின்னால் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? பெண்ணைப் பெற்றவரின் பாடு இருக்கிறதே, அதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். சிவசுப்பு தும்மினால்கூட அண்ணாச்சி இங்கிருந்து தப்பு எங்கள் மேல்தான் என்பார்.

"அந்தப் பிள்ளைகிட்டப் போயி ஒத்த வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு," என்றாள் அவர் மனைவி மரகதம். "அதைச் சொல்ல உங்களுக்கு எங்க வலிக்கி?"

அண்ணாச்சி தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, பட்டுச்சேலை, பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு சந்துக்குப் போனார். தன் காரின் மேல் காய்ந்த மிளகாய் வத்தலைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். சண்முகக்கனி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"சண்முகக்கனி, அன்னைக்கு... நான்... நான் வந்து..."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"நான்... நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன் அண்ணாச்சி."

அவர் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார், உளுந்தைப் பற்றிப் பேசினார். மறுபடி, "அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தார், வியர்த்தது, "வேல்ச்சாமிக்கு முட்டி எப்படி இருக்கு?" என்று முடித்தார். எத்தனையோ தேக்கு மரங்களை ஏற்றி இறக்கிய மனுஷனுக்கு அந்த ஒரு வார்த்தையைத் தூக்க முடியவில்லை. கடைசியில் மாப்பிள்ளை அழைப்பைப் பற்றிச் சொன்னார்.

"நான் முன்னால பைக்குல போனாத்தான் கார் பின்னால வரும், அதான?" என்றாள் அவள். "வாரேன். அனுசுயா என் இட்லி தின்னு வளந்த பிள்ளை, அதுக்காக வாரேன். உங்களுக்காக இல்ல. சேலையை எடுத்துட்டுப் போங்க. நீங்க சொல்ல வேண்டிய வார்த்தை அப்படியே பாக்கி நிக்கி, அது ஞாபகம் இருக்கட்டும்."

அந்தச் சாயங்காலம் ஆவாரங்காட்டில் நடந்த மாப்பிள்ளை அழைப்பைப் போல வேறெங்கும் நடந்திருக்காது. முன்னால் நாதஸ்வரம், தவில், அதற்குப் பின்னால் தன் முகூர்த்தப் பட்டைக் கட்டிக்கொண்டு, ஹேண்டில்பாரில் மல்லிகைச்சரம் சுற்றிய பைக்கில் சண்முகக்கனி, அவளுக்கு ஒரு மாட்டு வண்டி நீளம் பின்னால், குளித்துப் பூப்போட்டுப் பளபளவென்று கார், காருக்குள் தலைப்பாகையோடு மாப்பிள்ளை, பக்கத்தில் அண்ணாச்சி, ஸ்டியரிங்குக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு டிரைவர். அதற்குப் பின்னால் பையன் வீட்டார் நிறைந்த வெள்ளை வேன். டிரைவர்களை நம்பாத சிவசுப்பு அதைத் தானே ஓட்டி வந்தார். வழியில் இருந்த வீட்டுக்காரர்கள் பழக்க தோஷத்தில் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிட்டு, மாவு இல்லை என்று தெரிந்து மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கோயில் வந்தது. சண்முகக்கனி பிரேக் போட்டு, காலை ஊன்றி, அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கார் மெத்தென்று நின்று லைட்டைத் தாழ்த்திக் கும்பிட்டது. வேனில் சிவசுப்பு, புது ஊர்ச் சாமியாயிற்றே என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கண்ணை மூடினார்.

டமார்.

மாப்பிள்ளையின் தலைப்பாகை டிரைவர் மடியில் போய் விழுந்தது. தவில் நின்றது. சிவசுப்பு வேனிலிருந்து குதித்து வந்தார். "என்ன சம்பந்தி இது? நடுரோட்டுல எவனாவது பிரேக் போடுவானா?"

அண்ணாச்சி இறங்கினார். ஒடுங்கிப் போன காரின் பின்பக்கத்தைப் பார்த்தார், சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டு தானாக இறங்கிக் கைக்கு வந்தது. "தப்பு எங்க மேலதான் சம்பந்தி. நாங்கதான் திடீர்னு நின்னுட்டோம். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதிய" என்று தங்குதடையில்லாமல், தண்ணீர் குடிக்காமல், வியர்க்காமல் சொன்னார்.

சண்முகக்கனி கேட்டாள். ஊரே கேட்டது. அவள் பைக்கை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். ஐந்து மாதமாக வராத வார்த்தை, தப்பே செய்யாத இடத்தில் இப்படிக் கொட்டுகிறதே! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் சனங்கள் மத்தியில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, தோள் சுருங்கி நின்ற அண்ணாச்சியைப் பார்த்ததும், மாடு முட்டிய பிள்ளையாகத் தான் நின்றது எதனாலோ ஞாபகம் வந்துவிட்டது. அவள் சிவசுப்பு பக்கம் திரும்பினாள்.

"ஐயா, பின்னால வந்து இடிச்சது நீங்க. கண்ணை மூடிட்டு வந்தது நீங்க. எங்க அண்ணாச்சி மேல ஒரு தப்பும் இல்ல."

"யாரு இந்தப் பொம்பளை?" என்று சிவசுப்பு கத்தினார்.

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிச்சயம் பேசிய நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் தப்பு உன் மேல்தான் என்று கேட்டுக் கேட்டுக் குனிந்தவரை, உங்கள் மேல் தப்பில்லை என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். அந்தச் சுகம் எப்படி இருக்கும் என்று அந்த நிமிஷம்தான் அவருக்குத் தெரிந்தது. சம்பந்தி நிற்கிறார், மாப்பிள்ளை நிற்கிறார், அம்மன் நிற்கிறாள் என்றெல்லாம் பார்க்காமல் சண்முகக்கனியின் முன்னால் போய் நின்றார்.

"சண்முகக்கனி, அன்னைக்கு நான்தான் பாக்காம வந்தேன். கண்ணை மூடிட்டு வந்து உன்னை இடிச்சுட்டேன். விழுந்தவளைத் தூக்காம வண்டியைத் தடவிட்டு நின்னேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல தாயி."

இந்த வார்த்தை வரும் நாளில் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவள் விதவிதமாக யோசித்து வைத்திருந்தாள். எல்லாமே குத்தலான பதில்கள். ஒன்றுகூட வரவில்லை. பட்டுச்சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நடுரோட்டில் நின்று ஓவென்று அழுதாள். கார் மெதுவாக ஒரு ஹாரன் அடித்தது.

பிறகு அவள் கண்ணைத் துடைத்து பைக்கை உதைத்தாள், நாதஸ்வரம் ஆரம்பித்தது, கார் மட்டும் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த டிரைவரை எல்லாரும் தட்டினார்கள். சாவியைத் திருப்ப வேண்டும் என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது, வேல்ச்சாமி மட்டும் மண்டபத்திலிருந்து எப்படி வீட்டுக்குப் போவது என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் பொண்டாட்டியின் பைக்கில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இறங்கும்போது, "அன்னைக்கு உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுட்டி" என்றான்.

கல்யாணத்துக்கு மறுநாள் விடிந்து சண்முகக்கனி மாவோடு கிளம்பினாள். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வெறும் ரோடுதான் இருந்தது. பைக்கை நிறுத்தி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள், அதை மறைப்பானேன்? அண்ணாச்சி வீட்டுத் தெருவில் திரும்பியபோது கார் தன் வாசலில் சாதுவாக நின்றது. அதற்கு ஒரு மாட்டு வண்டி நீளம் பின்னால், மூஞ்சி ஒடுங்கிய வெள்ளை வேன் நின்றது. பையன் வீட்டார் எல்லாரும் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டார்கள். வேனை விட்டுப் போக மனமில்லாத சிவசுப்பு மட்டும் அதன் படியில் தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்தார். டிரைவர் பால் வாங்கக் காரை எடுத்தான். வேனும் உறுமிக்கொண்டு கிளம்பியது, சிவசுப்பு குதித்து ஒதுங்கினார்.

"இதுக்கு என்னம்மா வழி?" என்று அவளிடம் கேட்டார்.

"ஒத்த வார்த்தைதான் ஐயா. அண்ணாச்சிக்குத் தெரியும், கேளுங்க."

அண்ணாச்சி வாசலுக்கு வந்தார். சிவசுப்பு எழுந்து நின்றார், தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, அன்னைக்கு... நான்... நான் வந்து..."

"சொல்லுங்க சம்பந்தி."

"நான்... நல்லா இருக்கியளா சம்பந்தி?"

"இருக்கேன் சம்பந்தி. அவசரமே இல்ல, மெதுவா வரட்டும்," என்றார் அண்ணாச்சி, உள்ளேயிருந்து பாத்திரத்தை வாங்கி சண்முகக்கனியிடம் நீட்டியபடி. "நாளையில இருந்து நமக்கு ரெண்டு கரண்டி கூட ஊத்து தாயி. சம்பந்தி கொஞ்ச நாளைக்கு இங்கதான் இருப்பாரு."